கலிபோர்ணியாவின் ஆதனவரிக் கிளர்ச்சி

வரியின் வரலாறு பெரும்பாலும் அரசர்களதும் பாராளுமன்றங்களதும் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. வீட்டு வாசலுக்கு வந்த வரிச்சீட்டு ஒரு மாநிலத்தின் அரசியலமைப்பையே திருத்திய கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1978ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்தில் நிகழ்ந்தது அத்தகையதொரு மாற்றமாகும்.

கவுண்டி என்பது அங்கு மாநிலத்துக்குக் கீழுள்ள ஆட்சிப்பிரிவு. கலிபோர்ணியாவில் இத்தகைய பிரிவுகள் 58 உள. சிறைச்சாலை, பொதுச் சுகாதாரம், வறியோர் நிவாரணம் முதலியன இவற்றின் பொறுப்பு. இவற்றுக்கான பணத்திற் கணிசமான பகுதி ஆதனவரியிலிருந்து, அதாவது நம்மவர் சோலைவரி என வழங்கும் வகையைச் சேர்ந்த வரியிலிருந்து, கிடைத்தது. மக்கள் தெரிவுசெய்த மதிப்பீட்டாளர் ஆதனத்தின் பெறுமதியைக் கணிப்பார். கவுண்டியின் மேற்பார்வையாளர் சபையும், நகரசபைகளும், பாடசாலை மாவட்டங்களும் தத்தம் வரிவீதத்தை விதிக்கும்.

கிளர்ச்சியின் வேரை 1960களிலே தேடவேண்டும். அக்கால மதிப்பீட்டாளர் பலர் வீடுகளைக் குறைத்தும் வணிக நிலையங்களைக் கூட்டியும் மதிப்பிட்டு வந்தனர். சட்டத்தில் இதற்கு இடமில்லை. ஆயினும் வாக்காளருக்கு இது உவப்பாயிருந்தது. 1965இல் சான்பிரான்சிஸ்கோவில் மதிப்பீட்டுக் காரியாலயத்து இலஞ்ச ஊழல் வெளிப்பட்டது. மறுவருடம் இயற்றப்பட்ட சட்டம், எல்லா ஆதனங்களையும் சந்தைப் பெறுமதியின் 25 வீதத்திற் சீராக மதிப்பிடுமாறு பணித்தது. ஊழலுக்கு வழி அடைபட்டது. வீட்டுக்காரருக்கிருந்த மறைமுகச் சலுகையும் அதனோடு ஒழிந்தது. நேர்மையான நிருவாகமே குடிமக்களின் சினத்தைக் கிளறிற்று என்பது இவ்வரலாற்றின் முரண்.

1970களில் வீட்டு விலைகள் விரைந்தேறின. விற்கும் எண்ணமே இல்லாத வீட்டுக்கு, விலை ஏறிவிட்டதென்ற காரணத்தால், ஓய்வூதியத்தில் வாழ்ந்த முதியோரும் கூடிய வரி செலுத்த நேர்ந்தது. முறையிட்டோருக்குச் சபையினர் மதிப்பீட்டாளரைக் காட்டினர். மதிப்பீட்டாளர் சட்டத்தைக் காட்டினார். சட்டசபையோ நிவாரணமொன்றில் உடன்பாடு காணாமலே 1977ஐக் கழித்தது. அவ்வேளையில் மாநிலத் திறைசேரியில் ஏறத்தாழ 500 கோடி டொலர் மிகை குவிந்துகொண்டிருந்தது. மக்களின் கோபத்தை இதைவிட எது வளர்த்திருக்கும்?

ஹவார்ட் ஜார்விஸ், போல் கான் ஆகிய இருவரும் 12 இலட்சத்துக்கு மேற்பட்ட கையொப்பங்களுடன் 13ஆம் இலக்க முன்மொழிவை வாக்கெடுப்புக்குக் கொணர்ந்தனர். பாடசாலைகளும் தீயணைப்புப் படையும் முடங்குமென அலுவலர் எச்சரித்தனர். ஆளுநர் ஜெரி பிரவுணும் எதிர்த்தார். ஆனால் வாக்கெடுப்புக்குச் சில வாரங்களே இருக்கையில் லொஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியின் புதிய மதிப்பீடுகள் வெளியாகின. எச்சரிக்கைகளை யாரும் செவிமடுக்கவில்லை. 1978 யூன் 6இல் ஏறத்தாழ 65 வீதமானோர் ஆதரித்து வாக்களித்தனர். வரி 1 வீதத்துக்கு மேற்படலாகாது. மதிப்பீடு 1975ஆம் ஆண்டு நிலைக்குத் திரும்பும். வீடு கைமாறும்வரை அது ஆண்டுக்கு 2 வீதத்துக்கு மேல் உயராது.

ஆதனவரி வருமானம் பாதிக்கு மேல் வீழ்ந்தது. கோடைகாலப் பாடசாலைகள் பல நின்றன. நூல்நிலையங்கள் நேரத்தைச் சுருக்கின. எனினும் எதிர்பார்த்த பேரழிவு வரவில்லை. மாநிலம் தன் மிகையைப் பகிர்ந்தளித்தது. உதவியோடு நிபந்தனையும் வந்தது: ஊழியருக்கு வாழ்க்கைச் செலவுக்கேற்ற சம்பள உயர்வு வழங்கலாகாது. 1979இல் மாநில உயர் நீதிமன்றம் அந்நிபந்தனையைச் செல்லாததாக்கியது.

அயலவரிடையேயும் பேதம் விளைந்தது. 1988இல் லொஸ் ஏஞ்சல்சில் வீடு வாங்கிய ஒருவர், அதேபோன்ற வீட்டிலே முன்பிருந்து வாழ்ந்த சிலரிலும் ஏறத்தாழ ஐந்து மடங்கு வரி செலுத்தினார். அவர் தொடுத்த வழக்கில், 1992இல், அமெரிக்க உயர் நீதிமன்றம் இம்முறை செல்லுமெனத் தீர்த்தது. முதியோரின் பெயரால் வென்ற பாதுகாப்பு பெருங் கம்பனிகளின் கட்டடங்களுக்கும் உரியதாயிற்று; அதை மாற்ற 2020இல் எடுத்த முயற்சி சிறு வித்தியாசத்தில் தோற்றது.

என் கணிப்பில் இவற்றினும் பாரதூரமானது அதிகாரம் இடம்பெயர்ந்தமையே. வரிவீதம் அரசியலமைப்பில் உறைந்தபின், சேர்ந்த பணத்தைப் பங்கிடும் உரிமை மாநிலத்தின் கைக்குச் சென்றது. 1990களின் முற்பகுதியிற் பற்றாக்குறை நேர்ந்தபோது, மாநிலம் கவுண்டிகளின் ஆதனவரிப் பங்கிற் பெருந்தொகையைப் பாடசாலைகளுக்குத் திருப்பிற்று. வரவுசெலவுக் கூட்டங்களில் வெட்டுகளை எதிர்த்து எழுந்தோர், அவ்வரியை உயர்த்தவோ பகிரவோ அதிகாரமற்ற சபையினர் முன்னிலையிலேயே பேசவேண்டியிருந்தது.