இரண்டாம் முறை எழுதும் உரிமை

பெண்ணைத் திருத்துவதற்கு இங்கே எப்போதும் ஆள் இருந்திருக்கிறார்கள். தன் எழுத்தைத் தானே திருத்திக்கொள்ளும் வாய்ப்புதான் அவளுக்கு அரிதாக இருந்தது. எழுதியதை மறுபடி எடுத்துப் பார்ப்பதை மொழிப்பயிற்சி என்று வகுப்பில் சொல்லித்தருகிறார்கள். பெண்களின் வரலாற்றில் அது உரிமையும்கூட.

வை.மு. கோதைநாயகி அம்மாளுக்கு ஐந்தரை வயதில் திருமணம். முதல் நூலான 'இந்திர மோகனா' நாடகத்தை உருவாக்கியபோது அவருக்குச் சரளமாக எழுத வராது. அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதினார். 1924இல் நூல் அச்சானது. தன் கையால் எழுதத் தெரியாதவர் தன் வரியை அடித்து மாற்றவும் இன்னொருவர் கையை நம்ப வேண்டும். பிறகு அவரே எழுதப் பழகினார். 1925 முதல் 'ஜகன்மோகினி' இதழை நடத்தி, 115 நாவல்கள் எழுதினார். எதை வைப்பது, எதை நீக்குவது என்று முடிவெடுக்கும் ஆசிரியர் நாற்காலியில் அவர் அமர்ந்தது சின்ன விஷயமல்ல.

வங்காளத்து ராஸசுந்தரி தேவி அதற்கும் முந்தைய தலைமுறை. படித்தால் பெண் விதவையாவாள் என்று நம்பிய காலம். பன்னிரண்டு பிள்ளைகளைப் பெற்ற அவர், ஒரு நூலின் ஏட்டை உருவிச் சமையலறையில் ஒளித்துவைத்து எழுத்துக்கூட்டினார். எழுதக் கற்றது வெகுகாலம் கழித்து. 'அமார் ஜீபன்' என்ற தன்வரலாற்றின் முதல் வடிவத்தை முடித்தபோது வயது ஏறத்தாழ அறுபது. 1897இல், எண்பத்தெட்டாம் வயதில், அதைத் திருத்தி விரித்து வெளியிட்டார். ஒருமுறை சொன்னதோடு தன் கதை முடிந்துவிடவில்லை என்று அவர் நினைத்திருக்கிறார்.

ஆண் எழுதினால் செதுக்கினார் என்கிறார்கள். பெண் எழுதினால் மனதில் இருந்ததைக் கொட்டிவிட்டார் என்கிறார்கள். பாராட்டுப் போலத் தோன்றும் இந்தப் பேச்சு அவளுடைய உழைப்பை மறைக்கிறது.

நான் வசிக்கும் ஆரம்பாக்கத்திலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பெண்கள் ஷிப்ட் வேலைக்குப் போகிறார்கள். அவர்களில் சிலரும் நானும் விடுமுறை நாட்களில் சேர்ந்து எழுதுகிறோம். ஒரு தோழியின் முதல் பிரதி 'பெண்கள் நாட்டின் கண்கள்' என்று தொடங்கியது. மேடையில் கேட்ட வரி. இரண்டாம் பிரதியில் 'வேலை மிகவும் கஷ்டம்' என்று எழுதினார். மூன்றாவதில் 'கஷ்டம்' என்ற சொல்லே இல்லை. எட்டு மணி நேரம் நின்ற கால் எந்த இடத்தில் வீங்குகிறது, மாதவிடாய் நாளில் கழிவறைக்குப் போக ஆண் சூப்பர்வைசரிடம் எப்படிக் கேட்பது என்றெல்லாம் இருந்தது. முதல் பிரதியை யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். மூன்றாவதை அவர் மட்டுமே எழுத முடியும்.

திருத்துவது என்றால் எழுத்துப்பிழை பார்ப்பது மட்டுமல்ல. இரவல் வாங்கிய வரிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நமக்குத் தெரிந்ததை நம் சொல்லில் வைப்பது. அதற்கு நேரம் வேண்டும். சமையலும் ஷிப்டும் போக மிஞ்சும் அரைமணி நேரத்தில் முதல் பிரதிதான் பிறக்கும். ஆகவே இரண்டாவது அரைமணிக்காகவும் நாம் வீட்டில் சண்டை போட வேண்டியிருக்கிறது.