ஆர்கனாய்டு

குருத்தணுக்களிலிருந்து ஆய்வகத்தில் வளர்த்தெடுக்கப்படும், ஓர் உறுப்பின் திசு அமைப்பையும் அதன் வேலைகளில் சிலவற்றையும் கொண்ட நுண்ணிய உயிரணுத் திரளே ஆர்கனாய்டு. பெரும்பாலானவை கடுகளவுகூட இரா. செய்தித்தாள்கள் இதைக் ‘குட்டி உறுப்பு’ என்று எழுதுவது சற்று மிகைதான். பொதுவாக இதில் இரத்தக் குழாயும் இல்லை, நோய் எதிர்ப்பு அணுக்களும் இல்லை. ஆனாலும் தட்டில் ஒற்றைப் படலமாகப் பரவிக் கிடக்கும் பழைய உயிரணு வளர்ப்பில் காண முடியாத ஒன்று இதில் நடக்கிறது. உயிரணுக்கள் தாமாகவே வேலை பிரித்துக்கொண்டு, உடலில் அமைவது போலவே அடுக்கடுக்காக அமைகின்றன.

இத்துறையின் முதன்மையான தொடக்கங்களுள் ஒன்று நெதர்லாந்தின் யூட்ரெக்ட் நகரில் நிகழ்ந்தது. அங்குள்ள ஹூப்ரெக்ட் நிறுவனத்தில் ஹான்ஸ் கிளெவர்ஸ் குழுவினர் 2007இல் குடலின் குருத்தணுவை அடையாளம் கண்டனர். 2009இல் அக்குழுவைச் சேர்ந்த தோஷிரோ சாட்டோ, எலிக்குடலின் ஒரே ஒரு குருத்தணுவைக் கூழ் ஒன்றில் பதித்து, சில வளர்ச்சிக் காரணிகளையும் சேர்த்து, குடல் உட்சுவரின் குழிவுகளோடு கூடிய உருண்டையாக வளர்த்துக் காட்டினார். 2013இல் வியன்னாவில் மேடலின் லான்காஸ்டரும் யூர்கன் நோப்லிக்கும் மனித மூளைத் திசுவின் ஆர்கனாய்டை உருவாக்கினர். 2016இல் ஜிகா வைரஸ் கருவிலிருக்கும் குழந்தையின் மூளையை எவ்வாறு தாக்குகிறது என்பதை ஆராய இத்தகைய மூளை ஆர்கனாய்டுகள் கைகொடுத்தன.

மருத்துவமனைவரை வந்து சேர்ந்த பயன் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற மரபணு நோயில் கிடைத்தது. இந்நோய்க்குக் காரணமான ஒரே மரபணுவில் ஏராளமான மாற்றங்கள் அறியப்பட்டுள்ளன. மிக அரிதான மாற்றம் உள்ள ஒருவருக்கு எந்த மருந்து பலிக்கும் என்று பார்க்க, பலரைத் திரட்டிப் பரிசோதனை நடத்த இயலாது. யூட்ரெக்டில் நோயாளியின் மலக்குடலிலிருந்து துளித் திசு எடுத்து ஆர்கனாய்டாக வளர்க்கிறார்கள். ஃபோர்ஸ்கோலின் என்ற வேதிப்பொருளைச் சேர்த்தால் நலமான ஆர்கனாய்டு நீரை உள்வாங்கிப் பலூன்போல் வீங்கும்; நோயுற்றது அவ்வாறு வீங்காது. மருந்து சேர்த்த பிறகு வீங்கினால், அது இவருக்கு உதவக்கூடும் என்று பொருள். ஒரு நோயாளிக்கான விடையை அவருடைய திசுவிடமே கேட்டுப் பெறும் இம்முறையே ஆர்கனாய்டின் மிகப் பெரிய கொடை எனலாம்.

கால்நடை மருத்துவத்தில் இதன் இடம் குறைத்து மதிக்கப்படுகிறது. பெட்லிங்டன் டெரியர் இன நாய்களில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே கல்லீரலில் செம்பு தேங்கும் நோய் உண்டு. யூட்ரெக்ட் கால்நடை மருத்துவ ஆய்வாளர்கள், அதே மரபணுக் குறை கொண்ட நாய்களின் கல்லீரல் ஆர்கனாய்டில் பழுதில்லாத மரபணுவைச் சேர்த்துக் குறையைச் சரிசெய்ததை 2015இல் வெளியிட்டனர். பின்னர் அத்தகைய அணுக்களை நாய்களின் உடலிலேயே திரும்பச் செலுத்தியும் பார்த்தனர்.

பூனையின் கதை இன்னும் வியப்பானது. டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி கருவுற்ற பெண்களைத் தொற்றினால் சிசுவுக்குக் கேடு விளையும். அது எத்தனையோ விலங்குகளில் வாழ்ந்தாலும் பாலினப் பெருக்கம் செய்வது பூனை இனங்களின் குடலில் மட்டுமே. ஏன் பூனை மட்டும்? 2019இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பூனைக்குடல் ஆர்கனாய்டில் விடை கண்டனர். லினோலெயிக் என்ற கொழுப்பு அமிலத்தைச் சேர்த்த பின்னரே ஒட்டுண்ணி பாலினப் பருவத்தை அடைந்தது. இந்த அமிலத்தைச் சிதைக்க உதவும் நொதி ஒன்று பூனைக்குடலில் செயல்படுவதில்லை. அதனால் அங்கே அமிலம் மிகுந்திருக்கிறது. சுண்டெலிகளில் அந்நொதியைத் தடுத்து, அமிலத்தையும் ஊட்டியபோது, எலியின் மலத்திலும் ஒட்டுண்ணியின் முட்டையுறைகள் வெளிவந்தன. அதுவரை இந்த ஆய்வுக்காகப் பூனைக்குட்டிகளுக்கு நோயைத் தொற்றவைக்க வேண்டியிருந்தது. அந்த உயிர்களைக் காக்க வழி திறந்ததும் இக்கண்டுபிடிப்பின் பயன்களுள் ஒன்றே. எலிகளுக்கு அந்த விடுதலை இன்னும் வரவில்லை.

2020இல் கிளெவர்ஸ் குழு பாம்பின் நச்சுச் சுரப்பியையும் ஆர்கனாய்டாக வளர்த்தது. மனிதத் திசுவுக்கு ஏற்ற 37 டிகிரி வெப்பம் அதற்கு ஒத்துவரவில்லை. 32 டிகிரியில்தான் வளர்ந்தது. அது சுரந்த நஞ்சு செயல்திறன் உள்ளதாகவே இருந்தது. செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கிலிருந்தும் நஞ்செடுத்துத் தருவது முறிமருந்துத் தயாரிப்புக்கு ஆதாரமாக உள்ளது. அவர்களுடைய கைத்திறனுக்கு மாற்றாக ஆர்கனாய்டு இன்று நிற்கவில்லை. பிடிப்பதற்கு அரிய பாம்புகளின் நஞ்சை ஆராய்வதற்கே அது முதலில் உதவும்.

குறைகள் பல. இரத்தவோட்டம் இல்லாததால் சில மில்லிமீட்டர் வளர்ந்ததும் நடுப்பகுதிக்கு உயிர்வளி போதாமல் அணுக்கள் மடிகின்றன. குருத்தணுவிலிருந்து வளர்த்த மூளைத் திசு, வளர்ந்தவரின் மூளையைவிடக் கருவின் மூளையையே ஒத்திருக்கிறது. விலங்குச் சோதனையைக் குறைப்பதற்கான இம்முறைக்குப் பரவலாகப் பயன்படும் மேட்ரிஜெல் என்ற கூழும் சுண்டெலியின் புற்றுக்கட்டியிலிருந்தே எடுக்கப்படுகிறது. அதற்கு மாற்றாகச் செயற்கைக் கூழ்களை உருவாக்கும் ஆய்வுகள் நடந்து வருகின்றன.