முகப்பூச்சில் பாதரசம் – ஒரு வரலாற்றுப் பார்வை



பாதரசம் நம் முன்னோர் அறியாத பொருளன்று. சுத்தி செய்யாத ரசம் நஞ்சு என்றே சித்த மருத்துவம் அதனைக் கருதியது. 20ஆம் நூற்றாண்டில் அது ஆலைகளிலும் பயன்பட்டது. 1956இல் ஜப்பானின் மினமாட்டாவில் வெளிப்பட்ட நரம்புநோய்க்கு, ஆலைக் கழிவிலிருந்த பாதரசச் சேர்மமே காரணம் எனப் பின்னர் உறுதியாயிற்று. தமிழகத்துக் கொடைக்கானலில் பாதரசக் கழிவு வெளியேறிய விவகாரத்தால் வெப்பமானி ஆலையொன்று 2001இல் மூடப்பட்டது.

ஆலையில் அஞ்சிய அந்நஞ்சை மக்கள் முகத்தில் பூசுவதேன்? தோலுக்கு நிறந்தரும் மெலனின் உருவாவதைப் பாதரச உப்புகள் தடுக்கின்றன. முகம் விரைவில் வெளுக்கிறது. தோல்வழி உட்புகும் நஞ்சோ சிறுநீரகத்தைத் தாக்குகிறது. தாயின் கை, துவாலை, அறையின் காற்று ஆகியவற்றின்வழி, பூசாத குழந்தையையும் அது சேர்கிறது.

இத்தகைய வெளுப்புக் களிம்புகளுக்கு அமெரிக்கா 1973இலும் ஐரோப்பியச் சமூகம் 1976இலும் தடை விதித்தன. நம் நாட்டில் 1984ஆம் ஆண்டின் மருந்து, ஒப்பனைப் பொருள் கட்டுப்பாட்டு விதிமுறைகள் உள்ளன. அவற்றை மீறும் தனிநபருக்கு, முதற்குற்றத்திற்கே 25,000 ரிங்கிட் வரை அபராதமோ 3 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். 2008 முதல் ஒப்பனைப் பொருள்களை விற்பனைக்கு முன் அரசிடம் அறிவித்தாக வேண்டும். ஆயினும், பாதரசம் கண்டறியப்பட்ட களிம்புகளின் பட்டியலைச் சுகாதார அமைச்சு இன்றும் வெளியிட்டு வருகிறது.

கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் 2021 முதல் 2023 வரை மருத்துவர்கள் ஆராய்ந்த 22 சிறுநீரக நோயாளிகளுள் 13 பேர் வெளுப்புக் களிம்பு பூசியவர்கள். எனவே, பூசுவோருக்குக் கால் வீங்கினாலோ சிறுநீர் நுரைத்தாலோ உடனே மருத்துவரை நாடுக.

கைப்பேசிவழி எதையும் வாங்கும் காலத்தில், செங் போன்ற சிற்றூர்களும் இவ்வலைக்கு வெளியே இல்லை. தயாரிப்பாளர் பெயரோ உட்பொருள் பட்டியலோ இல்லாத களிம்பைத் தவிர்ப்போம். 'கலோமெல்', 'மெர்க்குரி' என்னும் சொற்கள் பாதரசத்தையே குறிக்கும். 'பொன், வெள்ளி நகைகளில் படக்கூடாது' என்னும் எச்சரிக்கையும் பாதரசத்தின் அடையாளமாகலாம்.

சட்டம் கடையைக் கண்காணிக்கும். பிள்ளையின் மனத்தை நாமே காக்க வேண்டும். 'கறுப்பி' என்னும் ஏளனம் வகுப்பறையிலோ உறவினர் வீட்டிலோ எழும்போது நாம் வாய்மூடி இருந்தால், அப்பிள்ளையை அக்களிம்பிடம் அனுப்பிவைப்போர் நாமே.

சிந்திப்போம்.