ஊழியர் கார்களும் நகர நெரிசலும்: நாட்டிங்ஹாம் அனுபவம்

காரில் பணிக்கு வரும் உள்ளூராட்சி ஊழியருக்கு அலுவலகத்தின் இலவச வாகன நிறுத்துமிடம் மறைமுகமான சம்பளச் சலுகையாகும். பேருந்தில் வருபவருக்கு அச்சலுகை கிடைப்பதில்லை. காலைநேர நெரிசலும் கூடுகிறது.

இதைக் குறைக்கும் நோக்கில், பிரிட்டனில் முதன்முறையாக நாட்டிங்ஹாம் நகரசபை 2012 ஏப்ரலில் பணியிட வாகன நிறுத்த வரியை நடைமுறைப்படுத்தியது. 11 அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களை ஊழியருக்கு வழங்கும் நிறுவனங்கள், தொடக்கத்தில் ஓர் இடத்துக்கு ஆண்டுக்கு 288 பவுண்டுகள் செலுத்த வேண்டியிருந்தது. பெரும் தொழில்வழங்குநரான நகரசபையும் இதற்கு விலக்கல்ல. இவ்வருவாய் 2015இல் திறக்கப்பட்ட டிராம் பாதை விரிவாக்கத்துக்கு உதவியது.

ஆயினும் நிறுவனங்கள் இவ்வரியை ஊழியர்களிடமிருந்தே அறவிட முடியும். பேருந்துகள் குறைவாக ஓடும் அதிகாலையில் பணிக்கு வரும் குறைந்த சம்பளக்காரருக்கு, மாற்றுப் போக்குவரத்து இல்லாவிடில், இது சம்பளக் கழிவாகவே முடியும்.