மணலைப் பிடிச்சு நிறுத்தினவங்க: ஓகாவும் தேரிக்காடும்

நான் குடியிருக்கிற கர்க்லாண்ட், மாண்ட்ரியல் தீவோட மேற்கு ஓரத்துல இருக்கு. இங்கிருந்து ஏரியைத் தாண்டினா ஓகா. போன கோடையில ஒரு குழுச் சுற்றுலாவுல அங்க போனோம். எல்லாரும் பைன் மரங்களை அண்ணாந்து பார்த்தாங்க. நான் காலுக்குக் கீழ இருந்த மணலைப் பார்த்தேன். திருச்செந்தூர்ப் பக்கத்து ஆளுங்களுக்கு மணலைக் கண்டா அப்படித்தான் :-)

அந்தப் பைன் காடு தானா வளர்ந்தது இல்லை. 19ம் நூற்றாண்டுல மரங்களை வெட்டித் தீர்த்ததும் அங்க மணல் நகர ஆரம்பிச்சு, கீழே இருக்கிற ஊரையே மூடப் பார்த்திருக்கு. 1880கள்ல சல்பீசியன் பாதிரிமாரும் கனெசடாகே மோஹாக் மக்களும் சேர்ந்து ஆயிரக்கணக்கான பைன் கன்னுகளை நட்டு அதை நிறுத்தினாங்க.

இதைக் கேட்டதும் எனக்கு நம்ம தேரிக்காடு ஞாபகம் வந்துச்சு. பாலைவனம்னா ராஜஸ்தான்தான்னு நினைக்கிறவங்களுக்காகச் சின்ன அறிமுகம். தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்கள்ல கடலோரத்தை ஒட்டி ரத்தச் சிவப்புல மேடு மேடா மணல் கிடக்கும். அதுதான் தேரி. இரும்பு ஆக்சைடு பூசின மணல், அதான் அந்த நிறம். மலைக் கணவாய் வழியா வர்ற மேற்குக் காத்து உள்நாட்டுச் செம்மண்ணை அள்ளிக்கிட்டு வந்து இங்க கொட்டினதுன்னு சொல்றாங்க. குதிரைமொழித் தேரி மட்டும் சுமார் 12,000 ஏக்கர். இப்ப கார்ல கூட்டமா வந்து போட்டோ எடுத்துட்டு, "ஒண்ணுமே இல்லாத இடம், சூப்பர்!"னு சொல்லிட்டுப் போறாங்க.

ஒண்ணுமே இல்லையா? விடிகாலையில போய்ப் பாருங்க. ராத்திரி எது எது ஓடுச்சுன்னு மணல்லயே எழுதி வெச்சிருக்கும். முயல், கீரி, உடும்பு, மயில்... வெயில் ஏறினா விசிறித்தொண்டை ஓணான் தொண்டையை விரிச்சுக் காட்டும். இந்த ஓணான் வகையில தென் தமிழ்நாட்டுல இருந்து 2016ல ஒரு புது இனத்தை விவரிச்சாங்க. அதுக்கு வெச்ச பேரு 'சிட்டானா மருதம்நெய்தல்'. நம்ம திணைப் பேரு ஒரு ஓணானுக்கு!

மனுஷனும் இங்க புதுசு இல்லை. சாயர்புரம் மாதிரியான தேரிகள்ல கிடைச்ச சின்னஞ்சிறு கல் கருவிகளைப் பத்தி சாய்னர், ஆல்ச்சின் ரெண்டு பேரும் 1956ல எழுதினாங்க. கடல் மட்ட மாற்றத்தை வெச்சு அவங்க போட்ட கணக்கு, ஏறக்குறைய கி.மு. 4000. பிற்பாடு வந்தவங்க பனையை நம்பினாங்க. பனை வேரு மணலைப் பிடிச்சு வெச்சுது, பனை ஏறினவங்க உழைப்பு ஊரைப் பிடிச்சு வெச்சுது. 2023ல புவிசார் குறியீடு வாங்கின உடன்குடிக் கருப்பட்டி அந்த உழைப்போட வாரிசுதான். கற்குவேல் அய்யனார் கோயில் கள்ளர் வெட்டு முடிஞ்சதும் ஜனங்க தேரி மண்ணை மடியில கட்டி வீட்டுக்குக் கொண்டுபோவாங்க. ஒண்ணுமில்லாத மண்ணை யாராவது அப்படிக் கொண்டுபோவாங்களா?

சரி, விஷயத்துக்கு வர்றேன். மணலை நிறுத்தினப்புறம் ரெண்டு இடத்துலயும் என்ன நடந்துச்சு?

ஓகாவுல, அதே பைன் காட்டை வெட்டி கோல்ஃப் மைதானத்தை 9 குழியில இருந்து 18 ஆக்கப் போறோம்னு நகராட்சி கிளம்புச்சு. பக்கத்துலயே மோஹாக் மக்களோட இடுகாடு. 1717ல பிரெஞ்சு அரசர் பாதிரிமாருக்கு எழுதிக் கொடுத்த நாள்ல இருந்தே அந்த மண் யாருதுங்கிற வழக்கு நடக்குது. 1990 ஜூலை 11ல போலீஸ் உள்ளே நுழைஞ்சுது, துப்பாக்கிச் சூட்டுல ஒரு போலீஸ்காரர் செத்தார். அப்புறம் ராணுவம் வந்துச்சு. 78 நாள் முற்றுகை. கோல்ஃப் திட்டம் கைவிடப்பட்டுச்சு. ஆனா நிலம் யாருக்குங்கிறது இன்னும் முழுசா தீரலை.

நம்ம பக்கம், சாத்தான்குளம் தேரி மணல்ல டைட்டானியம் எடுக்க 2007ல டாடா ஸ்டீல் தமிழக அரசோட ஒப்பந்தம் போட்டுச்சு. 2,500 கோடி ரூபாய்த் திட்டம். "தரிசு நிலம்தானே" அப்படிங்கிறது ஒரு பக்க வாதம். "இதுலதான் எங்க பனையும் முந்திரியும் நிக்குது" அப்படின்னாங்க ஊர்க்காரங்க. எதிர்ப்பு பெருசாச்சு, திட்டம் கிடப்புல போயிடுச்சு.

ரெண்டும் அச்சு அசலா ஒண்ணுன்னு நான் சொல்ல வரலை. மோஹாக் மக்கள் இழந்த கணக்கு வேற, ரொம்பப் பெருசு. ஆனா ஒரு விஷயம் பொது. ஒரு மண்ணை ஓடாம பிடிச்சு நிறுத்தினவங்க பேரு பட்டாவுல ஏறலைன்னா, அந்த மண்ணுக்கு 'காலி இடம்'னு பேரு வந்துடுது. வேலைவாய்ப்பு வேண்டாம்னு நான் சொல்லலை, எங்க ஊருப் பசங்களுக்கு அது வேணும். ஆனா கணக்குப் போடும்போது அந்தப் பனையையும், ஓணானையும், மடியில மண் கட்டிக்கிட்டுப் போற பாட்டியையும் சேர்த்துப் போடணும்.

தேரியில சுத்தி வளர்ந்தவங்க யாராவது இருந்தா, உங்க ஊர்த் தேரிக்கு என்ன பேருன்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. சேர்த்து வெப்போம்.