கர்த்தாஸ்: கடலைப் பூட்டிய காகிதம்

ஏற்றுமதி வாணிபம் நம் குடும்பங்கள் பலவற்றுக்குப் பரம்பரைத் தொழில். அத்தொழிலில் இருப்போர் ஒன்றை நன்கறிவர். சரக்கு கப்பலேறுமுன் காகிதங்கள் கப்பலேற வேண்டும். உரிமம், தரச்சான்று, பிறப்பிடச் சான்று, ஆய்வுக்கூட முடிவு என்று அவை நீளும். அவற்றுள் ஒன்று குறைந்தாலும் சரக்கு கரையிலேயே கிடக்கும். இது இந்த நூற்றாண்டின் தொல்லை என்று எண்ணுவோர் உளர். அது அவ்வாறன்று. காகிதமின்றிக் கலம் செல்லலாகாது என்ற சட்டம் நம் கடலில் பிறந்து 500 ஆண்டுகளுக்கு மேலாகிறது. அதன் வரலாற்றை அறிந்தால்தான் எந்தக் காகிதம் வாணிபத்தைக் காக்கும், எந்தக் காகிதம் அதைக் கொள்ளையிடும் என்று பிரித்தறிய இயலும்.

முத்திரையும் நம்பிக்கையும்

சரக்குக்கு முத்திரையிடும் வழக்கம் தமிழகத்துக்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் கடலிலிருந்து கரையேறும் பண்டங்களையும், கரையிலிருந்து கடலேறும் பண்டங்களையும் அளந்து, அவற்றின்மீது சோழனின் புலி இலச்சினையைப் பொறித்த செய்தியைப் பட்டினப்பாலை கூறுகிறது. அந்த முத்திரை சுங்கம் செலுத்தப்பட்டதற்கும் அரசின் காவல் உண்டென்பதற்கும் சான்று. அது துறைமுகத்தோடு நின்றது. கடல்மீது அந்த வேந்தன் வாயிற்கதவு எதுவும் வைக்கவில்லை.

13ஆம் நூற்றாண்டில் பாண்டியர் ஆட்சியில் காயல் துறைக்கு அரபகத்திலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் குதிரைகள் வந்திறங்கின. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் இவ்வாணிபத்தை விரிவாக எழுதியுள்ளார். கைஸ் தீவின் தலைவர் ஜமாலுத்தீனின் சார்பில் அவர் சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டிய நாட்டுத் துறைகளில் பொறுப்பேற்றிருந்தார். குதிரை ஒன்றுக்கு 220 தீனார் என்று விலை பேசப்பட்டது. கடற்பயணத்தில் குதிரை இறந்துபோனாலும் அதன் விலையை அரசுக் கருவூலமே தந்துவிடும் என்பதும் ஒப்பந்தம். விற்போரின் மதம் வேறு. வாங்குவோரின் மதம் வேறு. எனினும் கண்காணாத கடலில் மாண்ட குதிரைக்கும் விலை தர ஒப்பும் அளவுக்கு இருவரிடையே நம்பிக்கை வேரூன்றியிருந்தது.

பறங்கியர் கொணர்ந்த சீட்டு

1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையை அடைந்தார். அடுத்த சில ஆண்டுகளுக்குள்ளேயே போர்ச்சுக்கீசியர் இந்தியக் கடலில் புதியதொரு நடைமுறையைப் புகுத்தினர். ஆசியர் எவராயினும் தம் மரக்கலத்துக்குப் போர்ச்சுக்கீசிய அதிகாரியிடம் அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும். அச்சீட்டுக்குக் ‘கர்த்தாஸ்’ என்று பெயர். கடலை மறித்தவர்கள் அந்தச் சீட்டுக்கு வைத்த பெயர் நம் கடலோரத்தாருக்கு அந்நியமான சொல்லன்று. காகிதத்தைக் குறிக்கும் ‘கிர்தாஸ்’ என்னும் அரபுச் சொல்லே போர்ச்சுக்கீசிய மொழியில் அவ்வாறு திரிந்தது. திருக்குர்ஆனின் அல்அன்ஆம் அத்தியாயத்திலும் இச்சொல் வருவதை நாம் அறிவோம்.

சீட்டில் என்ன எழுதப்பட்டது? கலத்தின் அளவு, நாகுதாவின் பெயர், மாலுமிகளின் தொகை, தற்காப்புக்காக ஏற்றியுள்ள ஆயுதங்கள், புறப்படும் துறை, சேரும் துறை, செல்லும் காலம் ஆகியவை எழுதப்பட்டன. ஏற்றலாகாத சரக்குகளின் பட்டியலும் உண்டு. மிளகு, இஞ்சி, இலங்கைக் கறுவா முதலிய நறுமணப் பொருள்கள் போர்ச்சுக்கல் மன்னருக்கே உரியவை எனத் தடுக்கப்பட்டன. இரும்பு, செம்பு, ஈயம், கந்தகம், வெடியுப்பு, மரப்பலகை போன்றவை எதிரிகளின் கைக்கு எட்டலாகாது என்று விலக்கப்பட்டன. துருக்கியரை ஏற்றிச் செல்வதும் கூடாது.

சீட்டுக்கான கட்டணம் சிறிய தொகையே. உண்மையான சுமை அதன் நிபந்தனையில் இருந்தது. கலம் கோவா, டையூ, ஹுர்முஸ் போன்ற போர்ச்சுக்கீசியத் துறைகளில் ஒன்றை அடைந்து அங்கே சுங்கம் செலுத்திய பின்னரே தன் வழியே செல்ல வேண்டும். நேர்வழி இருக்கச் சுற்றுவழி. தன் நாட்டுச் சுங்கம் இருக்க அயலான் சுங்கம். சீட்டின்றிச் சென்ற கலமும், சீட்டின் நிபந்தனையை மீறிய கலமும் பிடிபட்டால் சரக்கு பறிபோகும். கலத்திலிருந்தோர் உயிருக்கும் உத்தரவாதம் இல்லை.

இதற்கு அவர்கள் சொன்ன நியாயம்தான் விந்தையிலும் விந்தை. கடல் அனைவருக்கும் பொது என்னும் நெறி ஐரோப்பாவில் உண்டு. ஆனால் கிறிஸ்தவரல்லாத ஆசிய மக்களுக்கு அந்நெறி பொருந்தாது என்று போர்ச்சுக்கீசிய வரலாற்றாசிரியர் ஜோவாவோ தெ பாரோஸ் வாதிட்டார். ஒரே கடலுக்கு இரண்டு நீதி! பிற்காலத்தில் ஒல்லாந்தச் சட்ட அறிஞர் குரோட்டியஸ் 1609இல் வெளியிட்ட நூலில், கடல் எவருக்கும் உடைமையாகாது என்று போர்ச்சுக்கீசியரின் உரிமையை மறுத்தார். ஆனால் அவருடைய நாட்டாரின் கம்பெனி ஆசியக் கடலில் வலுப்பெற்றதும், அதுவும் சீட்டு வழங்கவே முற்பட்டது.

ஹஜ் வழியில் ஒரு சீட்டு

கர்த்தாஸின் கொடுமை வாணிபத்தோடு நிற்கவில்லை. ஹஜ்ஜுக்குச் செல்லும் கலங்களும் அச்சீட்டைப் பெற்றாக வேண்டும். பாபரின் புதல்வியும் அக்பரின் அத்தையுமான குல்பதன் பேகம் 1575இல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். பேரரசரின் அத்தையாயினும் சூரத் துறையில் ஏறத்தாழ ஓராண்டு காத்திருந்த பின்னரே 1576இல் அவரால் கடலேற முடிந்தது. போர்ச்சுக்கீசியரின் அனுமதி தொடர்பான சிக்கலே தாமதத்துக்குக் காரணம். நிலத்தில் எவருக்கும் தலைவணங்காத மொகலாயப் பேரரசு கடலில் ஒரு துண்டுக் காகிதத்துக்காகக் காத்து நின்றது.

அந்நாளைய ஆலிம்களிடையே இது மார்க்கப் பிரச்சினையாகவும் எழுந்தது. சீட்டில் ஈஸா நபியின் உருவமும் மர்யம் அம்மையாரின் உருவமும் பொறிக்கப்பட்டிருந்தன. அத்தகைய சீட்டைச் சுமந்து கடல்வழி செல்ல வேண்டியிருப்பதால் ஹஜ் கடமையாகாது என்று மக்தூமுல் முல்க் எனப்பட்ட அப்துல்லா சுல்தான்பூரி ஃபத்வா வழங்கியதாக வரலாற்றாசிரியர் பதாயூனி எழுதுகிறார். வாணிப உரிமத்துக்கான விதி ஒரு சமுதாயத்தின் வணக்கத்துக்குள்ளும் புகுந்துவிட்டதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

சீட்டு இருந்தால் காவல் உண்டா? 1613இல் ஜஹாங்கீரின் தாயார் மர்யமுஸ் ஸமானிக்குச் சொந்தமான ‘ரஹீமி’ என்னும் பெருங்கலம் முறையான கர்த்தாஸ் வைத்திருந்தும் சூரத் அருகே போர்ச்சுக்கீசியரால் கைப்பற்றப்பட்டது. சினமுற்ற ஜஹாங்கீர் போர்ச்சுக்கீசியரின் தமன் நகரை முற்றுகையிட ஆணையிட்டார். சீட்டைக் கொடுத்தவனே சீட்டை மதிக்கவில்லை எனில் முறையிடுவதற்கு இடமேது? கொடுப்பவனும் அவனே, சோதிப்பவனும் அவனே, தண்டிப்பவனும் அவனே.

மரைக்காயர் கண்ட சோதனை

மேற்குக் கரையில் குஞ்ஞாலி மரைக்காயர்கள் இம்முறையை எதிர்த்துத் தலைமுறை தலைமுறையாகப் போரிட்டனர். நான்காம் குஞ்ஞாலி 1600இல் கோவாவில் கொல்லப்பட்டார். பொன்னானியைச் சேர்ந்த ஷைகு ஸைனுத்தீன் மக்தூம் அரபியில் எழுதிய ‘துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்’ அக்காலத்துத் துயரங்களுக்கு நேர்ச் சாட்சியாக விளங்குகிறது. தமிழகக் கரையும் இப்போரிலிருந்து தப்பவில்லை. மண்டபத்தை அடுத்த வேதாளையில் 1538இல் மரைக்காயர் படைக்கும் போர்ச்சுக்கீசியருக்கும் கடும்போர் நடந்தது. வெற்றி போர்ச்சுக்கீசியருக்கே கிட்டியது.

ஆயினும் வாணிபம் தண்ணீரைப் போன்றது. ஒரு வழி அடைபட்டால் மறுவழி காணும். மலாக்கா 1511இல் பறங்கியர் கைக்குப் போனபின் முஸ்லிம் வணிகர் பலர் சுமத்திராவின் அச்சே துறையை நாடினர். 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அச்சேயிலிருந்து செங்கடலுக்கு மிளகு மீண்டும் பெருமளவில் சென்றது. மிளகுக்குப் பூட்டுப் போட்டவர்களால் கடலுக்குச் சுவரெழுப்ப இயலவில்லை.

1658இல் தூத்துக்குடியும் நாகப்பட்டினமும் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் வசமாயின. சீட்டு முறை கைமாறியதே ஒழியக் கைவிடப்படவில்லை. இலங்கையின் கறுவாவைத் தமக்கே உரியதாக்கிக்கொண்ட ஒல்லாந்தர், பாக்கு, துணி வாணிபத்தையும் கட்டுப்படுத்த முயன்றனர். காயல்பட்டினத்துக்கும் கீழக்கரைக்கும் இலங்கைக்குமிடையே தோணி ஓட்டிய நம்மவர்க்கு அது வயிற்றில் விழுந்த அடி. ஒல்லாந்தக் கம்பெனியின் ஆவணங்களில் கீழக்கரைப் பெரியதம்பி மரைக்காயரின் பெயர் இடம்பெறுகிறது. செல்வாக்குடைய பெருவணிகர் அந்நியரோடு பேசி வழிதேடிக் கொள்ள இயன்றது. ஒற்றைத் தோணி உடையவன் யாரிடம் பேசுவான்? உரிம விதிகள் எக்காலத்தும் முதலில் நசுக்குவது சிறியவனையே.

இன்றைய காகிதங்கள்

இனி நம் காலத்துக்கு வருவோம். விடுதலை பெற்ற இந்தியா 1963இல் ஏற்றுமதித் தரக்கட்டுப்பாட்டுக்கும் ஆய்வுக்கும் சட்டம் இயற்றியது. தரமற்ற சரக்கால் நாட்டின் பெயர் கெடலாகாது என்பதே அதன் நோக்கம். பின்னர் வாங்கும் நாடுகளும் வரம்புகள் விதித்தன. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோல் தொழிலே இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. தோலில் பூஞ்சணம் படியாதிருக்கப் பயன்பட்ட பென்டாகுளோரோபீனால் என்னும் நச்சு மருந்தை ஜெர்மனி 1989இல் தடை செய்தது. அடுத்துப் புற்றுநோய்க்கு வித்திடும் சில அசோ சாயங்களுக்குத் தடை வந்தது. உடலில் படும் தோல் பொருளில் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராம் அளவை எட்டும் ஆறு இணைதிறன் குரோமியம் இருத்தலாகாது என்னும் ஐரோப்பிய விதி 2015 மே முதல் நாளிலிருந்து நடைமுறைக்கு வந்தது.

இவையும் கர்த்தாஸ்தானா? அல்ல என்பதே நம் கருத்து. கர்த்தாஸ் கேட்டது ‘நீ யார்?’ என்று. தரச்சான்று கேட்பது ‘உன் சரக்கு எத்தகையது?’ என்று. இங்கே எண்ணும் அளவும் முன்கூட்டியே அறிவிக்கப்படுகின்றன. வாங்குவோனின் ஆய்வுக்கூடத்தில் சோதிப்பதைச் சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலும் சோதித்துப் பார்க்கலாம். 1989ஆம் ஆண்டுத் தடை வந்தபோது அந்நிறுவனம் மாற்று மருந்துகளைக் காண்பதில் தொழிலதிபர்களுக்குத் துணை நின்றது, தொழிலும் பிழைத்தது.

ஆனால் இரு குறைகளை நாம் மறைக்கலாகாது. விதியை எழுதும் அவையில் வாணியம்பாடித் தோல் ஷாப்காரருக்கு இருக்கை இல்லை. சோதனைச் செலவும் பெரிய ஆலைக்குக் கணக்கில் ஒரு வரி. சிறிய ஷாப்புக்கு அதுவே இலாபம் முழுவதும். இந்த அளவில் பழைய கர்த்தாஸின் நிழல் இன்னும் படிந்தே இருக்கிறது.

மற்றொன்று நம்மை நோக்கியது. அயல்நாட்டில் செருப்பணிவோரின் காலுக்கு நஞ்சு சேரலாகாதென்று வரம்பு வந்தபோது அதைப் பின்பற்றினோம். பின்பற்றாவிடில் சரக்கு திரும்பிவிடும். ஆனால் பாலாற்றங்கரையில் வாழும் நம் அண்டை வீட்டாரின் கிணற்று நீருக்கு அத்தகைய சான்றை எவரும் கேட்கவில்லை. அதற்கு உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. கழிவுநீரைச் சுத்திகரிக்காத தோல் ஷாப்புகள் இயங்கலாகாதென்றும், ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் அபராதம் செலுத்த வேண்டுமென்றும் அத்தீர்ப்பு கூறிற்று.

அந்நியன் துப்பாக்கி முனையில் திணித்த காகிதத்தை எதிர்த்து நின்ற மரைக்காயர்களை நாம் போற்றுகிறோம், அது தகும். அவர்கள் எதிர்த்தது அநீதியை, ஒழுங்கை அன்று. குதிரை இறந்தாலும் விலை தரப்பட்ட காயல் துறையின் வாணிபம் வாய்மையால் நின்றது. கேட்பார் இருந்தாலும் இல்லாவிடினும் சரக்கிலும் நேர்மை, அதைச் செய்யும் ஊரின் நீரிலும் தூய்மை என்னும் நிலையை நம் வணிகர் எய்துவாராயின், எந்த நாட்டுக் காகிதமும் அவர்களைக் கரையில் நிறுத்திவிட இயலாது.