சிவப்புச் சீட்டும் வருமான வரம்பும்

அயர்லாந்தில் வறியவர்க்கான இலவச வைத்தியம், 1851-ஆம் ஆண்டின் சட்டத்தினால் நாடெங்கும் டிஸ்பென்சரிகள் ஏற்பட்டபோது ஓர் ஒழுங்கான உருவத்தைப் பெற்றதாயினும், டாக்டரை அணுகுமுன் நோயாளி வேறொரு வாசலில் நிற்க வேண்டியிருந்தது. தானே நடந்து சென்று மருந்து வாங்க ஒரு சீட்டு; படுத்த படுக்கையாய்க் கிடப்பவரை டாக்டர் வீடு தேடி வந்து பார்க்கச் சிவப்புச் சீட்டு; இவ்விரண்டையும் கையெழுத்திட்டுக் கொடுத்தவரோ வைத்தியமறியாத உள்ளூர்ப் பிரமுகர். நடுநிசியில் குழந்தைக்கு ஜுரம் கண்டால் தாய் முதலில் தட்ட வேண்டியது அவர் கதவையே. அவரிடமே கடையில் பாக்கி வைத்திருந்தால் அவள் சங்கடத்தைச் சொல்லவும் வேண்டுமோ?

சென்ற நூற்றாண்டின் நடுவில் சீட்டு போய் மருத்துவ அட்டை வந்தது. 1972-இல் டிஸ்பென்சரியும் ஒழிந்து, அட்டைக்காரர் தமக்கு இசைந்த டாக்டரை நாடும் சுதந்திரம் பெற்றார். 2001-இல் எழுபது வயது கடந்தோர் அனைவர்க்கும், வருமானம் கேளாமலே, அட்டை வழங்கிய அரசாங்கம், 2008 அக்டோபரில் பொருளாதார நெருக்கடியைக் காரணங்காட்டி அவ்வுரிமையை ரத்து செய்யத் துணிந்தது. நரைத்த தலையினர் ஆயிரக்கணக்கில் டப்ளின் பாராளுமன்ற வாசலில் திரண்டு கோஷமிடவே, தனி நபருக்கு வாரம் 700 யூரோ என்னும் தாராளமான வரம்போடு சமாதானம் தேடிற்று. கோபம் ஆறியபின் அது 2014-இல் 500-ஆகச் சுருங்கி, 2020-இல் 550-ஆக ஏறியது.

எழுபதை எட்டாதவர்க்காகக் குரலெழுப்ப அத்தகைய கூட்டம் திரளவில்லை. தனித்து வாழும் 66 முதல் 69 வயதினர்க்கு 2005-இல் விதிக்கப்பட்ட வரம்பு வாரம் 201.50 யூரோ. அப்போது சந்தா செலுத்தியோர்க்குரிய முழு முதியோர் ஓய்வூதியம் 179.30 ஆகையால் கணக்கு பொருத்தமாகவே இருந்தது. ஆனால் 2007-இல் ஓய்வூதியம் 209.30-ஆகி வரம்பைத் தாண்டியது. 2025-இல் அது 289.30, வரம்போ இருந்த இடத்திலேயே இருந்தது. அரசாங்க உதவித்தொகை ஒன்றையே நம்பி வாழ்பவர்க்கு அட்டை உண்டு என்றொரு விலக்கு, இந்த விபரீதத்தை வெளியில் தெரியாமல் மூடி வைக்கிறது. பழைய முதலாளியிடமிருந்து வாரம் இருபது முப்பது யூரோ கூடுதலாகப் பெறுபவர் அவ்விலக்குக்கு வெளியே நிற்கிறார். வாடகை முதலியவற்றுக்குக் கழிவு கேட்கலாம், அதுவும் போதாதெனில், வரம்பை மீறியும் அட்டை தருமாறு, மருந்துக் கடை ரசீதுகளையும் டாக்டரின் அத்தாட்சியையும் இணைத்து, சுகாதாரச் சேவை நிர்வாகத்தின் தயவை நாடி விண்ணப்பிக்கலாம்.